பிராவா மொழிக்கு ஆள் இருக்கிறதா?

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, ஹெட்செட்டை எப்படி மாட்டுவது என்று பழகிக்கொண்டிருந்தபோது, வடக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. "பிராவா மொழிக்கு உங்களிடம் ஆள் இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

தெற்கு லண்டனில், நோர்பரியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். மருத்துவமனை, கவுன்சில், வழக்கறிஞர் என்று யார் கேட்டாலும் மொழிபெயர்ப்பாளர்களை அனுப்புவதுதான் தொழில். நான் புக்கிங் டெஸ்க். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு மோர்டனுக்கு வந்திருந்தேன். தமிழ், ஜெர்மன், ஆங்கிலம் தெரியும் என்பதால், எல்லா மொழிகளைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று முதலாளி நினைத்துவிட்டார்.

முதலாளி சுந்தரேசன் கும்பகோணத்துக்காரர். வங்கி வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். நான் அழைப்பை ஹோல்டில் போட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"சேர், பிராவா மொழிக்கு ஆள் வேணுமாம்."

"பிராவான்னா ஊரா, மொழியா?"

"தெரியேல்லை சேர்."

"எந்த நாடாம்?"

"சோமாலியா எண்டு சொல்லுகினம்."

"அப்போ சோமாலி போடும்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சோமாலி மொழிபெயர்ப்பாளர் போனார். பித்தப்பை அறுவைக்குச் சம்மதம் கேட்க வேண்டிய ஒரு வயதான அம்மா; வீட்டார் வழியாக இல்லை, பதிவான மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கேட்கலாம். சந்தையில் பேசுகிற அளவுக்குத்தான் அவருக்குச் சோமாலி தெரியும், வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசத் தெரியாது என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் திரும்பி வந்தார். மறுநாள் சுவாஹிலிப் பெண்மணியை அனுப்பினோம். அவரும் திரும்பி வந்தார். அறுவை தள்ளிப்போனது. மருத்துவமனை எங்களைத் திட்டியது. "ரெண்டு பேரை அனுப்பியும் திட்றாங்களே" என்று சுந்தரேசன் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எங்கள் கணினியில் மொழிப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதில் இல்லாத மொழியைப் பதிய முடியாது. ஆகவே இந்தப் புக்கிங்கை "சுவாஹிலி, மற்றவை" என்று பதிந்தேன். அதற்குப் பிறகு வந்தவையும் அப்படியே பதியப்பட்டன. கவுன்சிலுக்குப் போகும் அறிக்கையின்படி லண்டனில் பிராவா மொழி பேசுகிறவர் ஒருவர்கூட இல்லை. பேச ஆளில்லாத மொழிக்கு எதற்குப் பயிற்சி வகுப்பு என்று கவுன்சில் கேட்டது. பயிற்சி இல்லாததால் எங்களிடம் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் "சுவாஹிலி, மற்றவை." இதில் யாரும் தவறாக ஒன்றும் செய்யவில்லை.

2. முறைப்பாட்டுக்கு வந்தவர்

அந்த அம்மாவின் சகோதரி மகன் அடுத்த வாரம் கோட், டையுடன் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் அபூபக்கர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மொகடிஷுவில் வங்கி அதிகாரியாக இருந்தவர், இங்கே விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. என் முன்னால் கதிரையில் உட்கார்ந்து, தன் பெரியம்மாவுக்கு நடந்ததை ஒழுங்காக, குரல் உயர்த்தாமல் சொன்னார். நான் உள்ளே போய்ச் சுந்தரேசனிடம் சொன்னேன்.

"அவருக்கு அந்த மொழி தெரியுமா?"

"ஓம் சேர். அவரின்ரை தாய்மொழி."

"இங்கிலீஷ்?"

"எங்களைவிட நல்லாக் கதைக்கிறார்."

"அப்போ அப்ளிகேஷன் ஃபார்ம் குடு."

அபூபக்கரும் நானும் பேசிக்கொண்டது எப்போதும் ஆங்கிலத்தில். என் மனதில் அது பதிந்த தமிழில் எழுதுகிறேன். மொழியின் பெயர் பிராவா இல்லை என்று அவர்தான் சொன்னார். பிராவா தெற்குச் சோமாலியாவில் ஒரு கடற்கரைப் பட்டினம். அந்த ஊர்க்காரர்கள் அதை மீனி என்பார்கள். ஊர் மீனி, மொழி சிமீனி. இதைக் கேட்ட சுந்தரேசன், "சிமினியா? லாந்தர் விளக்குக்குப் போடுவோமே, அதுவா?" என்றார்.

"சுவாஹிலிக்கு இனம்தான்," என்றார் அபூபக்கர். "சுவாஹிலிக்காரன் கேட்டா பாதி விளங்கும். விளங்காத மற்றப் பாதிதான் நாங்கள்."

அந்த ஊர் துணி நெய்யும், தொப்பியில் பூ வேலை செய்யும், தோல் செருப்பு தைக்கும். துப்பாக்கி செய்யத் தெரியாது. உள்நாட்டுச் சண்டை தொடங்கியபோது எல்லாப் பக்கத்தாரும் வந்து கொள்ளையடித்தார்கள். சனம் படகேறி, கென்யாவில் இருக்கும் மொம்பாசாவுக்கு ஓடியது. அங்கிருந்து சிலர் லண்டன், சிலர் அமெரிக்கா. ஊரில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த மொழி என்றும் இருந்ததில்லை. பெண்கள் மனப்பாடமாக வைத்திருக்கிற நீளமான பக்திப் பாடல்கள்தான் இலக்கியம் முழுவதும். அவருடைய பெரியம்மாவுக்கு நிறையப் பாடல்கள் தெரியும். பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறார்கள். "பொருள் விளங்குமோ அவைக்கு?" என்று கேட்டேன். "கேசட் எங்க இருக்கெண்டு தெரியும்," என்றார்.

விதிப்படி, பதிவதற்கு முன் அதே மொழி தெரிந்த இன்னொரு மொழிபெயர்ப்பாளர் அவரைச் சோதிக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை. கடைசியில் பெரியம்மாவே சோதித்தார். தொலைபேசியில், தன் மகளின் துணையோடு. மொழி நல்லது, ஆனால் அவசரப்பட்டுப் பேசுகிறான் என்பது அவருடைய தீர்ப்பு. சுந்தரேசன் "பாஸ்" என்று எழுதினார். அதற்கடுத்த மாதம் அந்த அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்தார்கள்.

3. ஆறு வயது

இரண்டாயிரத்து மூன்று, நான்கு அளவில் அகதி மேன்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து கேட்டார்கள். அவர்களுடைய சொந்தப் பதிவில் சிமீனிக்கு ஆள் இல்லை. அபூபக்கரைப் புக் பண்ணினேன். ஒரு மொழிக்கு முதல் தடவையாக நீதிமன்றம் போகும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். நான் போனேன்.

வழக்கு மரியமு என்ற பதினெட்டு வயதுப் பெண்ணினுடையது. பிராவாவில் பிறந்து, ஆறு வயதில் படகில் மொம்பாசாவுக்கு வந்து, அங்கே பதிவில்லாமல் ஒரு வாடகை அறையில் வளர்ந்தவள். தகப்பனை ஊரிலேயே சுட்டுவிட்டார்கள். தாய் மொம்பாசாவில் காய்ச்சலில் இறந்துபோனார். மரியமு பேசுவது மொம்பாசாச் சுவாஹிலி. ஆகவே இவள் பிராவாக்காரி இல்லை, கென்யாக்காரி, பொய் சொல்கிறாள் என்று உள்துறை அவளுடைய அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டது. இதிலும் தோற்றால் கென்யாவுக்கு அனுப்புவார்கள். அங்கே அவளுக்கு ஒரு மனிதரும் இல்லை, ஒரு காகிதமும் இல்லை.

சின்ன அறை. நீதிபதி வயதானவர், மூக்குக் கண்ணாடியை அடிக்கடி துடைப்பவர். உள்துறை சார்பில் ஒரு இளம்பெண். மரியமுவுக்கு ஒரு வழக்கறிஞர். மரியமு கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு, மேசைக்குக் கீழே கைகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

காலை முழுவதும் சுவாஹிலியில் போனது. அபூபக்கருக்கு அதுவும் தெரியும். பிறகு உள்துறைப் பெண் கேட்டார்.

"உங்கள் தாய்மொழி சிமீனி என்கிறீர்கள். நீங்கள் பிறந்த வீட்டைப் பற்றி அந்த மொழியில் சொல்லுங்கள்."

மரியமு சுவாஹிலியில் தொடங்கினாள்.

"இல்லை. சிமீனியில்."

அவள் அபூபக்கரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். உதவி செய்யக்கூடாது என்பது விதி. கொஞ்ச நேரம் கழித்து அவள் வாயிலிருந்து சின்னச் சின்னச் சொற்களாக ஏதோ வந்தது. நின்று நின்று வந்தது.

அபூபக்கர் வழக்கமாகப் பேசி முடிக்கும் முன்பே மொழிபெயர்ப்பைத் தொடங்குகிறவர். அன்று வாய் திறக்கவில்லை.

"மொழிபெயர்ப்பாளருக்கு ஏதும் சிக்கலா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லை ஐயா. சொல் விளங்குது. அதுக்குச் சரியான இங்கிலிஷ் சொல்லைத் தேடுறன்."

அவர் டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, வங்கி அறிக்கை வாசிப்பது போன்ற அதே குரலில், ஆங்கிலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற சொற்களாகச் சொல்லத் தொடங்கினார். தமிழில் அதைச் சொன்னால் இப்படி இருக்கும்: "வீடு பெருசு. கதவு கைக்கு உவ்வா ஆக்கிப்போட்டுது. அம்மா ஊதிவிட்டவ. பிறகு மம்மு தந்தவ. மம்மு இனிப்பு."

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "அந்தக் கதவுக்குப் பிறகு வந்த சொல். அதை எப்படி எழுத்துக்கூட்டுவது?"

"இங்கிலிஷிலயா ஐயா, எங்கட மொழியிலயா?"

"இரண்டிலும்."

அபூபக்கர் எழுத்துக்கூட்டினார். நீதிபதி எழுதிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. உள்துறைப் பெண் எழுந்தார்.

"மொழிபெயர்ப்பாளர் ஏன் குழந்தை மாதிரிப் பேசுகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

"அவ எப்பிடிச் சொல்றாவோ அப்பிடித்தான் நான் சொல்ல வேணும் அம்மா," என்றார் அபூபக்கர். "கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, அழகுபடுத்தவும் கூடாது. அதுதான் எனக்குத் தந்த விதி."

மரியமுவின் வழக்கறிஞர் உடனே எழுந்து, இந்தச் சொற்களைப் பெரியவர்கள் பாவிப்பார்களா என்று கேட்டார். இவர் மொழிபெயர்ப்பாளர், சாட்சி இல்லை என்று உள்துறைப் பெண் ஆட்சேபித்தார். அது சரிதான் என்றார் நீதிபதி. கண்ணாடியைத் துடைத்தார். "ஆனாலும் என் குறிப்பில் மொழிபெயர்ப்பு சரியாக இருக்க வேண்டும். அதற்காக மட்டும் கேட்கிறேன். இவை பெரியவர்களின் சொற்களா?"

"குழந்தையளோட கதைக்கேக்க மட்டும், ஐயா."

பிறகு நீதிபதி மரியமுவிடமே கேட்டார். ஆறு வயதுக்குப் பிறகு இந்த மொழியை யாரிடம் பேசினாய்? அவள் சுவாஹிலியில் பதில் சொன்னாள். ஒருவரிடமும் இல்லை. மொம்பாசாவில் வெளியே சிமீனி பேசினால் அகதி என்று தெரிந்து போலீஸ் பிடித்துவிடும். ஆகவே வீட்டுக்குள்ளும் பேசாதே என்று தாய் சொல்லிவிட்டார். தாயே பிறகு சுவாஹிலியில்தான் பேசினார். சொல்லிக்கொண்டு வந்தவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. அதையும் அபூபக்கர் அதே குரலில் சொன்னார்.

"எனக்கு இப்ப பதினெட்டு வயசு. இந்த மொழியில எனக்கு ஆறு வயசு. இவ்வளவு பேருக்கு முன்னால என்னை அதைக் கதைக்க வைச்சிட்டீங்கள். எனக்கு வெக்கமா இருக்கு."

நீதிபதி அன்றைக்கு அதோடு விசாரணையை முடித்துக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டே கணவரிடம் இதைச் சொன்னேன். "எங்கட பிள்ளையைக் கேட்டா என்ன சொல்லும்?" என்றார் அவர். மகளைக் கூப்பிட்டு, எங்கட வீட்டைப் பற்றித் தமிழில ஒருக்காச் சொல்லு என்றேன். "வொய் அம்மா?" என்றாள். சும்மா சொல்லு என்றேன். "வீடு. சாப்பாடு. கத்தாத. டிவியை நிப்பாட்டு," என்றாள். பிறகு மேலே போய்விட்டாள். நானும் கணவரும் சாப்பிட்டோம்.

சில வாரம் கழித்து மரியமுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஏமாற்றுவதற்காக ஒரு மொழியைப் படிக்கிறவர்கள் முகமன் சொல்லவும் தெருப்பெயர், பள்ளிவாசல் பெயர் சொல்லவும் படிப்பார்கள், விரல் நசுங்கினால் குழந்தை சொல்கிற சொல்லை யாரும் படிக்க மாட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். நான் எழுதிய குறிப்பைச் சுந்தரேசன் வாசித்தார்.

"கோர்ட்டுல குழந்தைப் பேச்சா? கம்ப்ளெயின்ட் ஏதாவது வருமா?"

"வராது சேர்."

"அப்போ சரி."

4. அபூபக்கர் விலகியது

இந்த வழக்குக்குப் பிறகு கணினிப் பட்டியலில் சிமீனி சேர்க்கப்பட்டது. நீதிமன்றத்துக்கு அனுப்பிய பில்லில் "சுவாஹிலி, மற்றவை" என்று இருந்ததால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதனால்தான். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு மொழிக்கும் பக்கத்தில் ஒரு நாட்டுக் கொடி இருக்கும். இதற்கு எந்தக் கொடி என்று கணினி ஆள் கேட்டார். அபூபக்கரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, வெறுமையாக விடுங்கள் என்றார்.

அவருக்கு அதன்பின் நல்ல காலம் இல்லை. மரியமு எப்படி வென்றாள் என்பது ஊர்ச்சனத்துக்குள் பரவிவிட்டது. ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். முதல் நாள் உட்கார்ந்த மாதிரி நேராக உட்காரவில்லை.

"என்ரை வீட்டுக்கு ஆக்கள் வருகினம். குழந்தைச் சொல்லு கொஞ்சம் சொல்லிக் குடுங்கோ எண்டு கேக்கினம். இருபத்தைஞ்சு வயசுப் பெடியன், மீசையோட, மம்மு எண்டு சொல்லிப் பழகிறான். எங்கட மொழியைப் படிக்கச் சனத்துக்கு இவ்வளவு ஆர்வம் நான் முந்தி ஒருநாளும் காணேல்லை."

"அவையள் உண்மையிலயே பிராவாச் சனமோ?"

"கனபேர் உண்மைதான். அதுதான் கரைச்சல். உண்மையான ஆளுக்கும் மொழி இல்லை."

சொல்லிக் கொடுக்க மறுத்ததால் பள்ளிவாசலில் சிலர் அவருக்குச் சலாம் சொல்வதை நிறுத்தினார்கள். சொல்லிக் கொடுத்திருந்தால் அடுத்த தடவை நீதிமன்றத்தில் அந்தச் சொல்லைக் கேட்கிறபோது அவர் என்ன முகத்தோடு மொழிபெயர்ப்பார்? இனி நீதிமன்ற வேலை வேண்டாம் என்றார். பிறகு மருத்துவமனை வேலையையும் குறைத்தார். கடைசியில் பர்மிங்ஹாமில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அவரைத் தடுக்க என்னிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. பட்டியலில் கொடியில்லாத மொழிக்கு எதிரே இருந்த ஒரே பெயரும் லண்டனுக்கு வெளியே போய்விட்டது.

5. வார்டில் ஒரு அம்மா

இது இரண்டாயிரத்து ஏழு வாக்கில். மரியமு அதற்குள் எங்களிடம் சுவாஹிலி மொழிபெயர்ப்பாளராகப் பதிந்திருந்தாள். நல்ல வேலைக்காரி, நேரம் தவறாதவள். வடக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பக்கவாதம் வந்த வயதான பிராவா அம்மா. முன்பு சோமாலி, சுவாஹிலி, கொஞ்சம் இத்தாலியம் எல்லாம் தெரிந்தவராம். இப்போது எல்லாம் போய் ஒரே ஒரு மொழி மிச்சம். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். "நோயாளி குழம்பிப்போயிருக்கிறார், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்," என்றார் வார்டுத் தாதி.

நான் மரியமுவைக் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியும்தானே. எனக்கு ஆறு வயசுக்கு மேல தெரியாது."

"பசிக்குதோ, தண்ணி வேணுமோ, எங்க நோகுது எண்டு கேக்க ஏலும்தானே? போய்ப் பார் பிள்ளை. வேற ஆள் இல்லை."

போனாள். ஒரு மணித்தியாலத்துக்குள் வார்டிலிருந்து அழைத்தாள்.

"என்னைக் கண்டதும் கையைப் பிடிச்சிட்டா. நான் கேக்கிறது விளங்குது. பசியும் இல்லையாம், நோவும் இல்லையாம். ஆனா ஒண்டைத் திருப்பித் திருப்பிச் சொல்றா. என்ரை, என்ரை எண்டது விளங்குது. மற்றது எனக்குத் தெரியாத சொல்லு. கண்ணை மூடிக்கொண்டு சொல்றபடியா வார்டில உள்ளவை தொழுகை எண்டு நினைச்சு இமாமைக் கூப்பிட்டிருக்கினம். அவர் வந்து ஓதினவராம். அதுக்குப் பிறகு இன்னும் கோபமாம்."

நான் அபூபக்கரைப் பர்மிங்ஹாமில் பிடித்து, மூன்று பேரையும் ஒரே லைனில் போட்டேன். மரியமு தொலைபேசியை அந்த அம்மாவின் காதில் வைத்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முதலில் அபூபக்கரின் குரல், மெதுவாக. பிறகு ஒரு கிழட்டுக் குரல், நாக்குப் புரளாமல், ஆனால் நீளமாக, நிறுத்தாமல். ஹெட்செட்டில் அதைக் கேட்டுக்கொண்டு, கடைசி விருப்பம் ஏதாவதாக இருக்குமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சுந்தரேசன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று என்ன என்று கையால் கேட்டார்.

அபூபக்கர் ஆங்கிலத்துக்கு வந்தார்.

"கால் குளிருதாம்."

"என்ன?"

"கால் குளிருது. போர்வை கட்டையாம், பாதம் வெளியில நிக்குதாம். பக்கத்துக் கட்டிலுக்கு நீளப் போர்வை குடுத்திருக்கினமாம், தனக்கு ஏன் தரேல்லை எண்டு கேக்கிறா. வந்த நாளில இருந்து கேக்கிறாவாம். பிறகு ஒரு ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு வந்து ஓத வைச்சவையாம்."

மரியமு தாதியிடம் சொல்வதும், யாரோ ஓடுவதும், அலமாரி திறப்பதும் லைனில் கேட்டது. கம்பளிக் காலுறை போட்டார்கள். இன்னொரு போர்வை வந்தது. ஆனால் அந்த அம்மா தொலைபேசியை விடவில்லை. அபூபக்கர் யாருடைய மகன், எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். நான் லைனை வெட்டவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை மற்ற அழைப்புகளைச் சுந்தரேசன் எடுத்தார். அவர் அப்படிச் செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலை முடிந்து மரியமு மறுபடி அழைத்தாள்.

"ஆன்ட்டி, குளிருது எண்டு எங்கட மொழியில எப்பிடிச் சொல்றது எண்டு எனக்குத் தெரியேல்லை. ஊரில ஒருநாளும் கால் குளிரேல்லை. மொம்பாசாவிலயும் இல்லை. அம்மா எனக்கு அதைச் சொல்ல வேண்டி வரேல்லை."

அதன்பிறகு மரியமு சிமீனி படித்தாள் என்று எழுத எனக்கும் விருப்பம்தான். படிக்கவில்லை. அவளுக்கு இரண்டு வேலை இருந்தது. படிப்பதற்கு வகுப்பும் இருக்கவில்லை. அந்தச் சொல் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த அம்மாவின் பிள்ளைகள் வந்துசேரும்வரை தினமும் வேலைக்குப் போகும் வழியில் வார்டுக்குப் போய்க் கால் குளிருதா என்று கேட்டாள். அதை யாரும் புக் பண்ணவில்லை.

நான் இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். புக்கிங் டெஸ்க்குக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. அழைக்கிறவரிடம் நோயாளி எந்த நாடு என்று கேட்பதை விடுங்கள், நாட்டுக்குக் கொடி உண்டு, அது உங்களுக்கு உதவாது. பட்டியலில் இல்லாத பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் பெயரைப் போடாமல், சொன்னதை அப்படியே எழுதிவையுங்கள். "நோயாளி குழம்பிப்போயிருக்கிறார்" என்று வார்டிலிருந்து சொன்னால் மட்டும் அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். எந்த மொழியில் குழம்பியிருக்கிறார் என்று கேளுங்கள்.